வித்தியா, ஒடுங்கியா: விழுங்கும் தடுப்பு மருந்துக்கு ஒரு சொல்

கிளிநொச்சி, உயிரியல் ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமை உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு அச்சடித்துக் கொடுக்கவேணும். பசிலசு சப்ரிலிசு என்னும் பற்றீரியாவின் வித்தி (spore, உணவில்லாதபோது அது எடுக்கும் உறங்குநிலை வடிவம்) மேலுறைப் புரதத்தோடு ஏற்புவலி (tetanus) நச்சின் ஒரு துண்டை இணைத்து, அந்த வித்தியை வாயால் கொடுத்தால், உடல் அந்த நச்சுக்கு எதிர்ப்புப் பெறுகிறது. 2003இல் சுண்டெலிகளில் காட்டியிருக்கிறார்கள். 'வித்தித் தடுப்பூசி' என்று எழுதினேன். ஊசி எங்கே ரீச்சர் என்று வகுப்பில் கேட்டுவிட்டார்கள்.

மாங்குளம், மருத்துவமாது:
'தடுப்பு மருந்து' என்றே எழுதுங்கோ. போலியோவுக்குத் தாய்மார் சொட்டு மருந்து என்றுதான் சொல்லுகினம். தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்துக் காவுகிற எங்களுக்கு, இந்த வித்தி மாதிரி வெக்கை தாங்கும் மருந்து பெரிய விசயம். அதைச் சனத்துக்கு விளங்கச் சொல்லவேணும்.

வவுனியா:
எனக்கு 'வித்தி'தான் இடிக்கிறது. பன்னத்தின் (fern) வித்தி பெருகுவதற்கு. பசிலசில் ஒரு கலம் ஒரே வித்தியாகிறது. அது திரும்ப ஒரே கலமாக முளைக்கிறது. பெருக்கம் எங்கே? உணவில்லாத காலத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. 'ஒடுங்கி' என்போம்.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, வித்து என்றால் பெருக்கம் மட்டுமோ? விதைநெல் கோடை முழுக்கச் சாகாமல் கிடந்து மாரிக்கு முளைக்கிறது. உண்ணி, கொல்லி போல, 'வித்து' என்னும் வினையோடு இகர விகுதி சேர்ந்து 'வித்தி' ஆனது. 'விதைத்து' என்று பொருள்தரும் வினையெச்சத்துக்கும் 'வித்தி' என்ற அதே வடிவம் என்பது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வித்திக்குச் சிலர் எழுதும் 'சிதல்' வேண்டவே வேண்டாம். பழந்தமிழில் அது கறையான்.

வவுனியா:
ஐயா, அந்திராக்சு (anthrax) என்னும் கொடிய நோயைப் பரப்புவதும் வித்தி. 1876இல் ஜெர்மானிய அறிஞர் கோக் அந்த நோயின் பற்றீரியாவில் வித்தியைக் கண்டார். அதே ஆண்டு இன்னொரு அறிஞர் கோன் சப்ரிலிசின் வித்தியை விவரித்தார். குழந்தைக்குக் கொடுக்கிற மருந்துக்கும் அந்தப் பேரோ?

முல்லைத்தீவு:
பொருள் ஒன்றென்றால் பேரும் ஒன்றுதான். பயத்துக்காகப் பேரை மாற்றினால், பிள்ளை இரண்டையும் வேறு வேறென்று படிக்கும்.

கிளிநொச்சி:
'வித்திக்காவி' சரிவருமா?

மாங்குளம்:
வேண்டாம் தங்கச்சி. நுளம்பைத்தானே நோய்க்காவி என்று படிப்பிக்கிறோம். தாய்மார் பயப்படுவினம்.

கிளிநொச்சி:
நாளைக்கு அச்சகத்துக்குக் கொடுக்கவேணும். 'வித்தியில் ஏற்றிய வாய்வழித் தடுப்பு மருந்து' என்று போடுகிறேன். நீளம்தான்.

வவுனியா:
எனக்குச் சம்மதமில்லை. பாடநூலிலும் பரீட்சைத்தாளிலும் வித்தி என்றே வருவதால் பிள்ளைகளைக் குழப்பவும் விருப்பமில்லை. கலத்துக்குள்ளே உருவாவதால் 'அகவித்தி' என்றாவது எழுதுங்கள். பன்னத்தின் வித்தியோடு கலக்காது.