‘ஏ’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா: கற்பிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எல்லாரும் தமிழ்வழி. ஜூனில் ஆரம்பித்த ‘ஏ’, ‘ஆன்’ (a, an) பாடம், காலாண்டுத் தேர்வு நெருங்கியும் நகரவில்லை.

ஐந்து உயிரெழுத்தை மனப்பாடம் செய்து வந்தவர்கள் ‘ஆன் யூனிஃபார்ம்’, ‘ஏ ஹவர்’ என்று எழுதினார்கள். எழுத்தைப் பார்க்காதே, சத்தத்தைக் கேள் என்றேன். யூனிஃபார்ம் யகரச் சத்தத்தில் தொடங்குகிறது, அதனால் ஏ. ஹவரில் எச் ஒலிக்காது, அதனால் ஆன். இது உடனே பிடிபட்டது.

சிக்கலே அதற்குப் பிறகுதான். நம் பேச்சில் எகரத்துக்கு முன் ஒரு யகரம் ஒட்டிக்கொள்கிறது. எலியை ‘யெலி’ என்கிறோம். அதே பழக்கத்தில் எக் (egg), எம்.எல்.ஏ. இரண்டையும் ‘யெக்’, ‘யெம்மெல்லே’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, முன்னால் ஏ போட்டுவிடுகிறார்கள். விதியை ஒழுங்காகத்தான் பின்பற்றுகிறார்கள், பாவம்! ‘யெல்லோவுக்கு ஏ வரும்னா, யெக்குக்கு மட்டும் ஏன் ஆன், மிஸ்?’ என்று ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. ஒகரத்திலும் இதே கதை: ஒட்டகம் ‘வொட்டகம்’ ஆவதுபோல ஓல்டு ‘வோல்டு’ ஆகி, ‘ஏ ஓல்டு மேன்’ என்று வருகிறது.

கைபேசி அகராதியில் உச்சரிப்பைப் போட்டுக் காட்டினேன், இரண்டும் ஒன்றுபோலவே கேட்கிறது என்கிறார்கள். சொற்பட்டியல் கொடுத்தேன். பட்டியலில் இல்லாத சொல் வந்தால் திணறல்தான்.

முன்னால் யகரமோ வகரமோ ஒட்டாத எகர, ஒகரச் சத்தத்தை இந்தப் பிள்ளைகளின் காதுக்குப் பிரித்துக் காட்ட, உங்கள் வகுப்பில் பலன் தந்த பயிற்சி எது?