செஸ் ரேட்டிங் கணக்கை எளிதாக விளக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சதுரங்கக் கழகத்தில் ஆட்டம் காண வரும் பெற்றோருக்கு, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970 முதல் பின்பற்றும், ஆட்டக்காரரின் திறனைப் புள்ளியாகக் கணக்கிடும் எலோ ரேட்டிங் முறையைச் சூத்திரம் எழுதாமல் விளக்க முயன்று வருகிறேன். 2300 புள்ளி உடையவர் 2100 புள்ளி உடைய சிறுவனிடம் டிரா செய்தால், வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5 என்ற கணக்கில் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது 0.76 என்பதால், தோற்காமலேயே புள்ளி இழக்கிறார் என்பது வரை அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் கே மதிப்பு (எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பெருக்கும் எண்) 20 கொண்ட அவர் 5.2 புள்ளிகளை இழக்க, மதிப்பு 40 கொண்ட பதினைந்து வயதுச் சிறுவன் அதே ஆட்டத்தில் 10.4 புள்ளிகளைப் பெறுகிறான் என்றதும், மிச்சப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், இளையோரின் திறன் விரைவாக வளர்வதால் அவர்களது புள்ளியும் விரைவாக நகர வேண்டும் என்ற என் பதில் எடுபடவில்லை. இதைத் தமிழில் படமாகவோ அட்டவணையாகவோ விளக்கியவர்கள் இங்கே பகிருமாறு வேண்டுகிறேன். கே மதிப்புக்கு நல்ல தமிழ்ச் சொல் இருந்தாலும் தெரிவியுங்கள்.