எண்ணூர் கழிமுகத்தில் பறவைக்குக் கட்டிய வலை

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்துச் சேற்றுத் திட்டுகளில் ஐப்பசி பிறந்தாலே சேற்றில் இரை தேடும் சின்ன வலசைப் பறவைகளான உள்ளான்கள் வந்து இறங்கிவிடும். பிடிக்கிறவர்களும் கூடவே வந்துவிடுகிறார்கள்.

போன பனிக்காலத்தில் விடியற்காலையில் பறவை பார்க்கப் போனோம். கூட வந்த மீனவ அண்ணன்தான் முதலில் கவனித்தார். தண்ணீரில் இல்லை, சேற்றுக்கு மேலே, இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு நரம்பு வலை. "இது மீன் வலை இல்ல தம்பி, பறவைக்குக் கட்டினது" என்றார். அவர் சொல்லாவிட்டால் எனக்குக் கண்ணிலேயே பட்டிருக்காது, அவ்வளவு மெல்லிசு.

வலையில் இரண்டு கொக்கும் சில உள்ளான்களும் தொங்கின. கீழே இருந்தது அதைவிடக் கொடுமை. ஒரு மடையானை, அதாவது குளத்துக் கொக்கை, காலில் கயிறு போட்டுக் குச்சியில் கட்டி, இரண்டு கண் இமைகளையும் நூலால் தைத்திருந்தார்கள். பார்வை இல்லாததால் அது நின்ற இடத்திலேயே நிற்கும், மேலே பறக்கிற கொக்குகள் அங்கே இரை இருக்கிறது என்று நம்பி இறங்கும். இதைச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ.

படம் எடுத்து, இடத்தை அனுப்பி, வனத்துறைக்குப் போன் செய்து பேசின பிறகுதான் வலையைத் தொட்டோம். அண்ணன் தன் துண்டை உள்ளானின் தலைமேல் போட்டார். இருட்டானதும் அது துடிப்பதை நிறுத்தியது. அப்புறம் கால் விரலில் தொடங்கி ஒவ்வொரு இழையாக விடுவித்தார். மடையானின் கண்ணை நாங்கள் தொடவில்லை, அப்படியே ஒப்படைத்தோம், கால்நடை மருத்துவர்தான் தையலைப் பிரித்தார்.

இப்போது இரவில் இறாலுக்குப் போகிற குப்பத்துப் பிள்ளைகளே கண்ணும் காதுமாக இருக்கிறார்கள், பழக்கமில்லாத வலை தெரிந்தால் உடனே வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடும். 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து நின்றதை நேரில் பார்த்தவர்கள் இவர்கள், பறவைக்கு ஒன்று என்றால் சும்மா இருக்க மாட்டார்கள்.

வலை கட்டினவர்களோடு நேரடியாகச் சண்டைக்குப் போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவையைப் பிடிப்பது மட்டுமல்ல, முட்டையையும் கூட்டையும் கலைப்பதுகூட வேட்டைதான். 3 ஆண்டுவரை சிறை உண்டு, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் 1 லட்சம் ரூபாய் வரை போகும். கொக்குக் கறி கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறவரை வலையும் வரும், தெரிந்தவர்கள் யாராவது வாங்கினால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பழவேற்காடு, ரெட்டேரி, புழல் பக்கம் இருப்பவர்கள் இப்படி வலையோ கண்ணியோ பார்த்திருந்தால் எந்த இடம், எந்த நேரம் என்று எழுதுங்கள்.