ஜப்பான் வெண்கல நண்டை அம்மா புளி போட்டு விளக்கிவிட்டார், இனி என்ன செய்யலாம்?

யோகோஹாமாவாசி:
வணக்கம். டோக்கியோவில் ஞாயிற்றுக்கிழமை போடும் ஓயெடோ பழம்பொருள் சந்தைக்குப் போய்ப் போய், வெண்கல விலங்குகளை வாங்கி அலமாரியில் வைக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒகிமோனோ என்பார்கள் இங்கே. இதுவரை மூன்று சேர்ந்திருக்கிறது: படுத்திருக்கும் மாடு, ஒரு காடை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நண்டு. நண்டு 8,000 யென், மெய்ஜி காலத்தது (1868-1912) என்று சொல்லித்தான் கொடுத்தார் கடைக்காரர்.

போன மாதம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில், கருத்துப்போய்க் கிடக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆக்கிவிட்டார். கால் இடுக்குகளில் மட்டும் பழைய காப்பிக்கொட்டை நிறம் ஒட்டியிருக்கிறது. அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? நிஜமாகவே மெய்ஜிதானா என்று எப்படிப் பார்ப்பது? அப்புறம், ஒரு கடையில் 'செய்யா' என்று முத்திரை போட்ட யானை ஒன்று கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாங்கலாமா?

ஈயம்பூசி:
ஐயோ. சரி, போனது போகட்டும், அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீட்டில் வெண்கலம் என்றால் மின்ன வேண்டும், அங்கே கருப்பும் பழுப்பும்தான் வேலைப்பாடே. அது அழுக்கு இல்லை, வேண்டுமென்றே ஏற்றிய நிறம். தொயாமா மாவட்டத்துத் தகஓகாவில் 1611-லிருந்து வார்ப்பு வேலை நடக்கிறது, அங்கே நிறமேற்றும் பொருளைக் கேட்டால் சிரிப்பீர்கள்: தவிட்டுக் கலவையைப் பூசிச் சுடுவது, துருவிய முள்ளங்கியைத் தடவுவது, இரும்பைக் காடியில் ஊறவைத்த சாற்றை வைக்கோல் தூரிகையால் பூசுவது. அடுக்களைச் சாமானால் வந்த நிறம், அடுக்களைச் சாமானால் போயிருக்கிறது.

கடையில் விற்கும் கருப்பாக்கும் திரவம் எதையும் ஊற்றிவிடாதீர்கள், திட்டுத்திட்டாகப் பிடிக்கும். முறையாக நிறமேற்றுபவரிடம் கொடுத்தால் செய்வார்கள், ஆனால் 8,000 யென் நண்டுக்கு அது கட்டுப்படியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் புளி மிச்சமில்லாமல் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்படியே விட்டுவிடுவேன். தானாகவே மங்கும், வருஷக்கணக்காகும். இளம்பச்சையாகப் பொடி மாதிரி ஏதாவது பூக்கிறதா என்பதில் மட்டும் ஒரு கண் வையுங்கள், அது உலோகத்தை அரிக்கும் நோய்.

ஒரு நல்ல சேதி, தேய்த்த இடம் மஞ்சளாக வந்திருக்கிறது. துத்தநாக வார்ப்புக்கு வெண்கலச் சாயம் பூசி விற்பது நிறைய உண்டு, அதுவாக இருந்தால் வெள்ளி மாதிரி வெளுத்துப் பல்லிளித்திருக்கும்.

கும்பகோணத்தான்:
சுவாமிமலைச் சிலையைத் தூக்கிப் பழகிய கைக்கு இவை எல்லாமே போலியாகத்தான் தோன்றும். நானும் ஒரு புலியைக் கனமில்லை என்று வைத்துவிட்டு வந்து பிற்பாடு நொந்துகொண்டவன். இங்கே சாமி சிலையை உள்ளே கெட்டியாக வார்க்கிறோம். ஜப்பான்காரர்களும் மெழுகில்தான் உருவம் பிடிக்கிறார்கள், ஆனால் நடுவில் மண் கரு வைத்து உள்ளே கூடாக வார்ப்பார்கள். அதனால் கனத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், புரட்டிப் பாருங்கள். என் காடையின் வயிற்றுக்குள் கருகிய மண் இன்னும் ஒட்டியிருக்கிறது, மேலே ஒவ்வொரு இறகுக்கும் உளியால் தனித்தனிக் கோடு. அச்சில் அப்படியே வந்த கோடு மழுங்கலாக இருக்கும், உளி பட்ட கோட்டுக்கு விளிம்பு இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும்.

பழங்கலன்:
மெய்ஜி என்ற சொல்லைச் சந்தையில் தாராளமாக வீசுவார்கள். 1876-ல் வாள் அணியத் தடை வந்தபின் வாள் உறைக்கும் கைப்பிடிக்கும் நகாசு செய்த கைகள் பூச்சாடி, பறவை, விலங்கு என்று திரும்பி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தன. சுஸுகி சோகிச்சியின் பன்னிரண்டு வல்லூறுகள் 1893 சிகாகோ கண்காட்சிக்குப் போனது அந்த அலையில்தான். உங்கள் மாடு அந்தக் கணக்கில் வராது என்று நினைக்கிறேன், அங்கே பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் வருடங்கள் சுழலும், புத்தாண்டுக்கு அந்தந்த வருட விலங்கைப் பரிசு கொடுக்கும் வழக்கத்தால் போருக்குப் பிந்தைய மாடும் குதிரையும் சந்தையில் குவிந்து கிடக்கும். படம் போடுங்கள், பார்க்கலாம். சிலைக்கென்றே செய்த மரப்பெட்டியோடு வாங்கியிருந்தால் சிலை அதில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள், பெட்டி மாற்றுவதும் ஒரு தொழில்.

யானைக்கு வருவோம். செய்யா என்பவர் மெய்ஜி காலத்து வார்ப்புக் கலைஞர், அவர் பெயரில் நிறைய வார்த்திருக்கிறார்கள், தரம் ஒரே மாதிரி இருக்காது, முத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், கொம்பு எதில் செய்தது? அந்தக் கால யானைகள் பலவற்றுக்கு நிஜத் தந்தமே வைத்திருப்பார்கள். நாளைக்கு ஊருக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் தொடவே வேண்டாம், எவ்வளவு பழசாக இருந்தாலும் சுங்கத்தில் மாட்டுவீர்கள்.

யோகோஹாமாவாசி:
எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் போய்க் கேட்டேன், தந்தம்தான் என்று பெருமையாகவே சொன்னார், கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மாட்டுக்குப் பெட்டி இருக்கிறது, ஆனால் உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது, அதைப் பற்றி யாரும் கேட்காதீர்கள். நண்டைக் கழுவி உலர்த்திப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன். நேற்று வீடியோ காலில் பார்த்த அம்மா, மாடு மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது, அடுத்த தடவை வரும்போது புளி கொண்டுவருகிறேன் என்கிறார்.