வெள்ளைச் சீருடையில் வந்த ஆளுநர்கள்: நைஜீரியாவில் நீங்கள் நேரில் பார்த்தது?

மின்னா வாத்தியார்

நைஜர் மாநிலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடற்கரையே இல்லாத மாநிலம், தலைநகர் மின்னா. அதற்கு இராணுவ ஆளுநர்களாக வந்த முதல் இருவருமே கடற்படைக்காரர்கள். முதலில் முர்தாலா நியாகோ, 1977 டிசம்பரில் எபிட்டு உகிவே. நான் பார்த்தது உகிவேயை. 1978 தொடக்கம், எங்கள் பள்ளிப் பரிசளிப்பு விழா.

தூசியை அள்ளிக்கொண்டு வரும் ஹார்மட்டான் காற்று வீசிக்கொண்டிருந்தது. மேடையில் பெரிய அங்கியும் தலைப்பாகையுமாக ஊர்ப் பெரியவர்கள், பச்சை உடுப்பில் தரைப்படை அதிகாரிகள். நடுவில் இவர் ஒருவர் மட்டும் தொப்பியிலிருந்து காலணி வரை வெள்ளை. அரை மணி நேரத்தில் அந்த வெள்ளை மங்கிப்போனது. ஒருமுறைகூடத் தட்டிவிடவில்லை.

பரிசு வாங்க வந்த பையன் ஹௌசா வழக்கப்படி அவர் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். பெரியவர்கள் முன்னால் அப்படித்தான் செய்வார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உகிவே குனிந்து, அவன் முழங்கையைப் பிடித்து எழுப்பி நிற்கவைத்து, கைகுலுக்கிப் பரிசைக் கொடுத்தார். மேடையில் இருந்த பெரியவர் ஒருவரின் முகம் மாறியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

1985 ஆகஸ்ட் 27-ல் ஆட்சியில் இருந்த ஜெனரல் புகாரியைத் தள்ளிவிட்டு ஜெனரல் பாபாங்கிடா ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு அடுத்த நாற்காலி உகிவேக்குக் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் இஸ்லாமிய நாடுகள் அமைப்பில் நைஜீரியா சேர்ந்துவிட்ட செய்தி வெளியானது. ஆட்சிக் குழுவில் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் உகிவே. அக்டோபரில் பதவி போய்விட்டது. அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு அந்த மேடைதான் நினைவுக்கு வந்தது. இருக்கிறவர்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்காமல் ஒன்றைச் செய்துவிடுகிற ஆள் அவர்.

இந்த வெள்ளைச் சீருடைக்காரர்களை அருகில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

இகேஜா மீனாட்சி

சார், நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் பெயர் ஒரு வீட்டுக்குள் என்ன செய்தது என்று பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இகேஜாவில் துணி ஆலையில் வேலை. பக்கத்து வீட்டில் ஓர் அம்மா, உகிவேயைப் போல இக்போ இனம், பலோகன் சந்தையில் துணி வியாபாரம். இக்போக்கள் தனிநாடு கேட்டு நடந்த பயாஃப்ரா போரில் கூடப் பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர். அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். உகிவே இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார் என்று வானொலியில் கேட்ட அன்று, வாணலியில் வாழைப்பழம் வெந்துகொண்டிருக்க, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டு "அபிரிபா, அபிரிபா" என்று உகிவேயின் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொன்னார். பழம் கருகிவிட்டது. யாரும் கவலைப்படவில்லை.

போர் முடிந்து பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அதிபர் ஷகாரி காலத்தில் துணை அதிபர் எக்வுவேமேயும் இக்போதான், அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் ஓட்டு வாங்கி வந்தவர். இது துப்பாக்கி வைத்திருப்பவர்களின் மேசை. அந்த மேசையிலும் நமக்கு ஒரு நாற்காலி உண்டு என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அக்டோபரில் நெப்பா என்ற மின்வாரியக்காரன் வழக்கம்போல மின்சாரத்தை நிறுத்தியிருந்தான். பேட்டரி ரேடியோவில் புதுப் பெயர் வந்தது, அகஸ்டஸ் ஐகோமு. அந்த அம்மா கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. அதே மாதம் 19-ஆம் தேதி எங்கள் இகேஜாவிலேயே பத்திரிகையாளர் டெலே கிவாவை அவர் வீட்டில் பார்சல் குண்டு வைத்துக் கொன்றார்கள். அதற்கப்புறம் தெருவில் யாருமே அரசியல் பேசவில்லை.

கணக்கர் ரங்கா

வாத்தியார் சார் சொல்வது பாதிக் கதை. இஸ்லாமிய அமைப்பு விவகாரம் ஒரு காரணம், சரி. படிநிலையை மறந்துவிடுகிறீர்கள். உகிவே அப்போது கொமடோர், கடற்படையில் அட்மிரல்களுக்குக் கீழே உள்ள பதவி. ஐகோமு 1984-லிருந்தே கடற்படைத் தலைமை அதிகாரி. அதாவது உகிவேக்குப் படையில் மேலதிகாரியாக இருந்தவர், ஆட்சியில் உகிவேக்குக் கீழே. தரைப்படையில் ஜெனரல்கள் ஒருபக்கம். கம்பெனியில் இளைய மேலாளரைத் தூக்கி மூத்தவர்கள் தலைமேல் உட்காரவைத்தாலே கோப்பு நகராது, அங்கே துப்பாக்கியோடு இருக்கிறவர்கள் எப்படிச் சும்மா இருப்பார்கள்? உகிவே வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்த ஏற்பாடு நிலைத்திருக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். இராணுவ ஆட்சியாளர்களில் கோவன் காலத்தில் அட்மிரல் வே, பாபாங்கிடா காலத்தில் உகிவே, பிறகு ஐகோமு, 1998-ல் ஆட்சிக்கு வந்த ஜெனரல் அப்துல்சலாமிக்கு மைக் அகிக்பே. நான்கு பேரும் கடற்படை, நான்கு பேரும் இரண்டாம் இடம். கடற்படையிலிருந்து ஒருவர்கூட முதலிடத்துக்கு வந்ததில்லை. ஆட்சியைப் பிடிக்க என்ன வேண்டும்? வானொலி நிலையம், விமான நிலையம், ஆட்சித் தலைமையகமான டோடன் பாரக்ஸ் வாசலில் நிறுத்த டாங்கி. கப்பலை வைத்துக்கொண்டு இதில் எதைப் பிடிப்பது? அதனால்தான் ஆபத்தில்லாத ஆள் என்று கடற்படைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். டியா தரைப்படை, 1993-ல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் அபாச்சாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தார். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்று 1997 டிசம்பரில் அவரைக் கைது செய்தார்கள்.

என் அனுபவம் சின்னது. அகிக்பே லாகோஸ் ஆளுநராக இருந்த காலம், 1986-லிருந்து 88 வரை. மாதக் கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் சுத்தம் செய்ய வேண்டிய துப்புரவு நேரம் முடியும்வரை வண்டி ஓட்டக் கூடாதே, அந்த நேரத்தில் மனைவிக்கு வலி வந்துவிட்டது. தெருமுனையில் ஒரு சிப்பாய் எங்களை இறங்கச் சொன்னான். என் மனைவியின் கையிலும் துடைப்பத்தைக் கொடுத்தான். அவள் அதை வாங்கி ஊன்றிக்கொண்டு நின்றாள். ஒரு பாட்டி வந்து யொரூபாவில் அவனைக் கத்திய கத்தலில் விட்டுவிட்டான். நகரம் சுத்தமாக இருந்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. இருந்ததுதான். அந்தத் துடைப்பம் எனக்கு மறக்கவில்லை.

இகேஜா மீனாட்சி

ரங்கா அண்ணா, படிநிலை பிரச்சினை என்றால் கொமடோரை அந்த நாற்காலியில் உட்காரவைக்கும்போதே தெரியாதா? ஒரு வருஷம் கழித்துத்தான் ஞாபகம் வந்ததா? எங்கள் தெருவில் ஒருவர்கூட அதை நம்பவில்லை.

யோலா சொட்டுநீர்

நான் உங்களுக்கெல்லாம் ரொம்பப் பிந்தியவன். நியாகோ பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. வாத்தியார் சொன்ன அதே மின்னா ஆளுநர், பின்னால் 1990-லிருந்து 92 வரை கடற்படைத் தலைமை அதிகாரி. ஓய்வுக்குப் பிறகு 2007-ல் ஓட்டு வாங்கி அடமாவா மாநில ஆளுநராக வந்தவர். இந்தத் திரியில் வந்த கடற்படைக்காரர்களில் அப்படி வந்தவர் அவர்தான்.

யோலாவில் வேளாண் கண்காட்சியில் சொட்டுநீர்க் குழாய் கடை போட்டிருந்தோம். அவர் வந்தார். பாபன்ரிகா அங்கி, குல்லா, வயதான விவசாயி மாதிரி. மக்கள் அவரை "பாபா மை மங்கோரோ", மாம்பழத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மாந்தோப்பு வைத்திருந்தார். எங்கள் கடையில் நான் தயார் செய்துவைத்த பேச்சு எதையும் அவர் கேட்கவில்லை. ஒரு சொட்டுவானைக் கழற்றி விரலால் அழுத்திப் பார்த்தார், அடைப்பு வந்தால் எப்படி எடுப்பது என்று சைகையிலேயே கேட்டார். நான் ஊசியால் குத்திக் காட்டினேன். அவரும் குத்திப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டமெல்லாம் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சேலத்தில் என் பெரியப்பா புது மோட்டார் வாங்கும்போது இப்படித்தான் பிரித்துப் பார்ப்பார்.

2013 மே மாதம் போர்னோ, யோபே, அடமாவா மூன்றிலும் அவசரநிலை. நாங்கள் கிளம்பிவிட்டோம். 2014 ஜூலையில் சட்டமன்றமே அவரைப் பதவி நீக்கியது. கட்சி மாறினதுதான் காரணம் என்று யோலாவில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். 2015-ல் ஊழல் வழக்கும் வந்தது. 2016-ல் நீதிமன்றம் அந்தப் பதவி நீக்கம் செல்லாது என்றது, ஆனால் நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை. அதிகாரி போட்ட உத்தரவை எதிர்த்து யாரும் ஓட்டுப் போட முடியாத காலத்தில் ஒரு மாநிலத்தை ஆண்டார், எல்லோரும் கேள்வி கேட்கலாம் என்ற காலத்தில் இன்னொன்றை ஆண்டார். எது அவருக்கு எளிதாக இருந்தது என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஊசியும் குழாயுமாகவே நேரம் போய்விட்டது.

போர்ட் ஹார்கோர்ட் பாலு

ஐகோமுவின் வண்டிவரிசையை லாகோஸில் பார்த்திருக்கிறேன், அவர் துணை அதிபர் ஆன பிறகு. சைரன், முன்னால் மோட்டார் சைக்கிள், கறுப்புக் கண்ணாடி வண்டிகள். எங்கள் ஓட்டுநர் வண்டியைச் சாக்கடை ஓரம்வரை ஒதுக்கி, இஞ்சினை அணைத்து, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தார். என் நினைவில் நிற்பது அந்தக் கைகள்தான்.

இதைப் படித்துவிட்டு இப்போது அங்கே வேலைக்குப் போகிற தம்பிமார்கள் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். சைரன் கேட்டால் முந்தப் பார்க்காதீர்கள், வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டு கோ-ஸ்லோ என்கிற போக்குவரத்து நெரிசலிலிருந்து தப்பிக்கவும் பார்க்காதீர்கள். இரவில் சோதனைச் சாவடி வந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி, உள்விளக்கைப் போடுங்கள். கை வெளியே தெரியட்டும். பையைத் திறக்கச் சொன்னால் முதலில் சொல்லிவிட்டுத் திறங்கள். படைமுகாம், பாலம், விமான நிலையம் பக்கம் படம் எடுக்கவே கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை இங்கேயே, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை இல்லாவிட்டால் அங்கே மட்டுமில்லை, திரும்பி வரும்போது இங்கேயும் தனியாக நிறுத்திவிடுவார்கள். கடவுச்சீட்டு நகல் ஒன்று உடம்போடு, இன்னொன்று வீட்டில். ஓட்டுநரிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள், உங்கள் உயிர் பல நேரம் அவர் நிதானத்தில்தான் இருக்கும். நான் அங்கே இருந்த காலம் முழுக்க ஒரு கீறல் இல்லாமல் திரும்பியது என் சாமர்த்தியத்தால் இல்லை. யாராவது அரசியல் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் நாடு, அவர்கள் பேசட்டும்.

கொச்சி மாலுமி

நான் இந்தியக் கடற்படையில் இருந்தவன், நைஜீரியா போனதில்லை. எழுபதுகளின் கடைசியில் கொச்சியில் நைஜீரிய அதிகாரிகள் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். அதற்கு முன்பே உறவு உண்டு, கடுனா பாதுகாப்புக் கழகத்தை 1964-ல் தொடங்கியபோது முதல் தலைவர் நம் தரைப்படைப் பிரிகேடியர்.

வந்தவர்களில் ஓர் இளைஞர் ஊர்ப் பத்திரிகைத் துண்டு ஒன்றை வைத்திருந்தார். லாகோஸ் ஆளுநரின் படம், கடற்படை உடுப்பில். லாகோஸுக்கு 1975-லிருந்து லாவல், கானு, உகிவே என்று வரிசையாகக் கடற்படைக்காரர்கள்தான். அதைக் காட்டி, உங்கள் கடற்படையிலிருந்து எந்த மாநிலத்தை ஆள்கிறார்கள் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்கள் மேசையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவருக்கு அது ஒரு பணி உயர்வு. கப்பல் தலைவன் ஆவதும் ஆளுநர் ஆவதும் ஒரே ஏணியில் அடுத்தடுத்த படிகள்.

அப்படி ஒரு ஏணி நம் நாட்டில் இல்லாமல் போனது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் யோசித்தேன்.

கணக்கர் ரங்கா

மாலுமி சார், நம்மிடமும் அட்மிரல் தஹிலியானி 1990-ல் சிக்கிம் ஆளுநராக இருந்தாரே.

கொச்சி மாலுமி

உடுப்பைக் கழற்றிய பிறகு, தேர்ந்தெடுத்த அரசு நியமித்து, தேர்ந்தெடுத்த முதல்வர் ஒருவர் ஆட்சி நடத்த. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள் ரங்கா.

லாகோஸ் 94

மாலுமி சார் கானு பெயரைச் சொன்னதால் எழுதுகிறேன். 1994 ஜூலை, எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம். முந்தைய வருஷம் ஜூன் 12 தேர்தலை ரத்து செய்தார்கள், அதில் ஜெயித்த அபியோலா இப்போது சிறையில். பெட்ரோல் நிலையத்தில் இரவு முழுக்க வரிசை, வண்டிக்குள்ளேயே தூக்கம்.

விடியற்காலையில் முன்வண்டி ஓட்டுநர் பத்திரிகை ஒன்றை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். இராணுவம் போக வேண்டும் என்று அபாச்சாவை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கூட்டணியில் கானுவின் பெயர். எந்த நகரத்தை இராணுவம் கொடுத்த பதவியில் உட்கார்ந்து ஆண்டாரோ, அதே நகரத்தில் இப்போது இராணுவத்துக்கு எதிராக. வரிசையில் பெரிய சண்டை. அவர்களெல்லாம் ஒன்றுதான், பதவி போனதும் ஜனநாயகம் பேசுவார்கள் என்று ஒரு கட்சி. உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு கெட்டது என்று தெரியும் என்று இன்னொரு கட்சி. படித்துக் காட்டின ஓட்டுநர் இரண்டாவது கட்சி. பெட்ரோல் வண்டி வந்துவிட்டது என்று யாரோ கத்தியும் அவர் நகரவில்லை, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள் என்று நின்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள், நின்றார்.

அந்தக் காலத்தில் அந்தக் கூட்டணியில் பெயர் வந்தாலே கைது, வீட்டில் குண்டு, நாட்டைவிட்டு ஓட்டம். ஆளுநராக இருந்தவருக்கு ஓய்வூதியத்தோடு பேசாமல் இருந்திருக்கலாம். நான் ஓட்டுநர் பக்கம்தான். ரங்கா அண்ணாவின் டாங்கிக் கணக்கு சரியாகவே இருக்கட்டும், கானு விஷயத்துக்கு அது பொருந்தாது.