2/5 சதம் மேசையில ஆசுச் சோடி ஏன் இப்பிடி அடிவாங்குது?

வடலி:
இணையத்தில போக்கர், ஆறு பேர் மேசை, நோ லிமிற் ஹோல்டம். பிளைண்ட், அதாவது கடுதாசி பிரிக்க முதல் ரெண்டு பேர் கட்டாயமாப் போடுற காசு, சின்னது 2, பெரியது 5 அமெரிக்கச் சதம். ஆசுச் சோடிக்கு 15 சதம் ஏத்தினால் நாலு பேர் கோல் பண்ணுகினம், அதே காசைப் போட்டுக்கொண்டு வருகினம். கடைசியில 8-3 ஓட வந்தவன் ரெண்டு சோடி காட்டி அள்ளிக்கொண்டு போறான். வெருட்டிப் பெரிய பெற் போட்டாலும் ஒருத்தரும் விடுறேல்லை. 10,000 கை முடிஞ்சுது, 300 பெரிய பிளைண்ட் நட்டம். தளம் கடுதாசியைப் புரட்டுதோ? 5/10க்கு ஏறினால் ஒழுங்கா ஆடுவினமோ?

கைதடிப் பாலம்:
ஒருத்தனோட மட்டும் மோதினால் ஆசுச் சோடி 100க்கு 85 தரம் வெல்லும். நாலு பேர் என்ன கடுதாசியோட வந்தாலும் எண்டு பார்த்தால் அது 56க்கு இறங்கிடும். அப்ப 9 தரத்தில 4 தரம் தோக்கத்தான் வேணும். அதுக்காக அது கெட்ட கையில்லை. பொட்டில, அதாவது நடுவில சேர்ந்த காசில, ஐஞ்சில ஒரு பங்குதான் உங்கட காசு, பாதிக்கு மேல உங்கட பக்கம் வருது.

பிழை 15 சதத்திலதான். இந்த மேசைகளில 3 பிளைண்ட் ஏத்தினது கணக்கில்லை. 4 பிளைண்டும், உங்களுக்கு முன்னால சும்மா கோல் பண்ணி வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிளைண்டும் கூட்டுங்கோ. ரெண்டு பேர் வந்திருந்தால் 30 சதம். அப்பவும் வருவினம், ஆனா ஆள் குறையும், பொட் பெருக்கும்.

வெருட்டுறதை விடுங்கோ. பொட்டில பாதி பெற் போட்டு வெருட்டினால் மூண்டு தரத்தில ஒருக்காலாவது ஆள் விடவேணும், பொட் முழுக்கப் போட்டால் ரெண்டில ஒருக்கால். எந்தச் சின்னச் சோடியையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறவன் அவ்வளவு விடமாட்டான். அந்தக் குணத்துக்கு மருந்து, நல்ல கை இருக்கேக்க முக்கால் பொட் போடுறது. 10 சதம், 10 சதமாக் கிள்ளிப் போடுறதுதான் கனபேர் விடுற பிழை. ரேணில (நாலாவது பொதுக் கடுதாசி விழுந்த பிறகு) ஒருத்தன் ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில ஐஞ்சு கடுதாசி) காத்திருந்தால் அவனுக்கு மிச்சம் 46 கடுதாசியில 9 உதவும், கிட்டத்தட்ட 20 வீதம். கால் பொட் பெற்றுக்கு கோல் பண்ண அவனுக்கு 17 வீதம் காணும், அப்ப அவன் செய்யிறது சரி. பாதிப் பொட் போட்டால் 25 வீதம் வேணும், அப்ப அவன் பிழை விடுறான். எத்தினை தரம் அவனுக்கு ஃப்ளஷ் விழுந்தாலும் லாபம் உங்களுக்குத்தான்.

முன்னூற்றிநாலு சீட்டாட்டம் பழகின கைக்கு இன்னொரு வியாதி இருக்கு. அங்க 32 கடுதாசியும் பிரிபட்டு, எல்லாக் கையும் ஆடித்தான் ஆகவேணும். இங்க ஆறு பேர் மேசையில நாலில மூண்டு கையை முதலே விடவேணும்.

சங்குவேலி:
அண்ணை சொன்ன கணக்கில ஒண்டு விடுபட்டுப்போச்சு: றேக், தளம் பொட்டில இருந்து எடுக்கிற பங்கு. இந்தத் தட்டில பெரும்பாலும் பொட்டில 5 வீதம். 2 டொலர் பொட்டில 10 சதம், அதாவது 2 பெரிய பிளைண்ட், ஒரு கையிலயே போகுது. பெரிய மேசைகளில றேக்கின்ர உச்சவரம்பு காப்பாத்தும், இங்க பொட் அந்த வரம்பைத் தொடுறதே அருமை. கனக்கத் தளங்களில ஃப்ளொப் (முதல் மூண்டு பொதுக் கடுதாசி) விழாமல் முடிஞ்ச கைக்கு றேக் இல்லை. அதாலதான் சின்ன பிளைண்டில இருந்துகொண்டு அரைகுறைக் கைக்கு கோல் பண்ணுறது வீண் செலவு. ஏத்துங்கோ, இல்லாட்டி விடுங்கோ.

10,000 கையை வச்சுத் தீர்ப்புச் சொல்லேலாது. 100 கைக்கு 5 பிளைண்ட் வெல்லுற நல்ல ஆட்டக்காரன் எண்டே வைப்பம். 10,000இல எதிர்பார்ப்பு 500. ஆனா ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 900, அவனும் 100க்கு 29 தரம் நட்டத்தில நிப்பான். மணித்தியாலத்துக்கு 70 கை பார்த்தால் உதுக்கு 140 மணித்தியாலத்துக்கு மேல.

தளம் புரட்டுதோ எண்டதுக்கு: யார் வெண்டாலும் தளத்துக்கு அதே 5 வீதம்தான், உங்களைத் தோக்கடிச்சு அதுக்கு என்ன வரப்போகுது? களவு நடக்கேல்லை எண்டும் இல்லை. 2007இல அப்சொலூட் போக்கரில மற்றவையின்ர மூடின கடுதாசியைப் பார்த்து ஆடினது பிடிபட்டது. ஆட்டப் பதிவுகளைக் கிண்டின ஆட்டக்காரர்தான் பிடிச்சவை. அதால பதிவைச் சேமிச்சு வையுங்கோ. சந்தேகத்துக்கு மட்டுமில்லை, 8-3 ஓட கோல் பண்ணினவனை அடுத்தமுறை அடையாளம் காணவும் உதவும்.

மணற்காடு:
நேரமும் ஒரு காரணம். சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுற ஆக்கள் ஐரோப்பாவில இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூட வருவினம். லண்டனில இரவு 8 எண்டால் இஞ்ச இலங்கையில கோடையில 12:30, மாரியில 1:30. நித்திரை தூங்கிக்கொண்டு ஆடினால் ஒரு கை தோத்த உடன சூடேறும், அடுத்த பத்துக் கையும் அந்தக் கோவத்தில போகும். ரெண்டு முழு முதல் (மேசைக்குக் கொண்டுபோற காசு, ஒண்டு 5 டொலர்), அதாவது 10 டொலர், போனால் அண்டைக்கு மூடுங்கோ.

கார்த்திகை மழைக்குக் கரண்ட் போறதும் தெரியும்தானே. தொடுப்பு அறுந்து நேரம் முடிஞ்சால், முன்னால பெற் இருந்தால் உங்கட கை தானாப் போயிடும். றவுற்றருக்குச் சின்ன யுபிஎஸ், ஃபோன் டேற்றா ஆயத்தம், ஒரே நேரத்தில ரெண்டு மேசைக்கு மேல வேண்டாம்.

5/10இலும் இதே ஆக்கள்தான், விலை மட்டும் ரெட்டிப்பு. 30 முதல் கையில இல்லாமல் ஏறாதையுங்கோ.

வடலி:
நன்றி. ஒரு கேள்வி. ஆசுச் சோடியோட ரேணில முக்கால் பொட் போடேக்க, முழு நேரமும் சும்மா கோல் பண்ணிக்கொண்டு இருந்தவன் திடீரெண்டு ஏத்தினால்?

கைதடிப் பாலம்:
விடுங்கோ. அந்த மாதிரி ஆள் ரேணிலயோ றிவரிலயோ (கடைசிப் பொதுக் கடுதாசி) ஏத்தினால் பெரும்பாலும் ரெண்டு சோடிக்குக் குறையாது. அந்த 8-3 காரன் உங்களுக்குச் செய்ததும் உதுதான்.