பாலிசல்ஃபோன்–மேட்ரிமிட் கலவைச் சவ்வு பால்போல் வெளுத்துவிடுகிறது, காரணம் என்ன?

கேள்வி:
வணக்கம். சாண எரிவாயுவிலிருந்து கார்பன் டைஆக்சைடைப் பிரிப்பதற்காக, பாலிசல்ஃபோன், மேட்ரிமிட் 5218 (பாலியிமைடு வகை) ஆகிய இரு பாலிமர்களையும் சம எடையில் டைகுளோரோமீத்தேனில் கரைத்து, கண்ணாடித் தட்டில் சவ்வு வார்க்கிறேன். கரைசல் தேன்நிறத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஊற்றிய இரண்டு மூன்று நிமிடங்களில் ஓரத்திலிருந்து வெண்மை படர்கிறது. அப்போது தட்டின் அடிப்பகுதியைத் தொட்டால் சில்லென்றிருக்கிறது. இரு வாயுக்களையும் தனித்தனியே செலுத்தி அளந்தால், மீத்தேனுக்கு எதிரான கார்பன் டைஆக்சைடின் தெரிவுத்திறன் (மீத்தேனைப்போல் எத்தனை மடங்கு எளிதாக அது ஊடுருவுகிறது என்ற விகிதம்) 0.6 என்றே வருகிறது. நான்கு முறை வார்த்தும் மாற்றமில்லை. மழைக்காலத்துக்கு முன் இதே முறையில் வார்த்தவை நன்றாக வந்தன என்பதால் மிகவும் குழம்பியிருக்கிறேன்.

பதில் 1:
இரண்டு பாலிமர்களும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரிவதால் வெண்மை தோன்றக்கூடும். மேட்ரிமிட்டின் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

பதில் 2:
முந்தைய பதிலிலிருந்து மாறுபடுகிறேன். இவ்விரண்டும் நன்கு கலக்கும் இணை என்பது பல ஆண்டுகளாக அறியப்பட்டதே. உங்கள் 0.6 என்ற எண்ணைக் கவனியுங்கள்: மீத்தேனின் மூலக்கூறு எடையான 16-ஐக் கார்பன் டைஆக்சைடின் 44-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது அதுதான். அதாவது வாயு பாலிமரில் கரைந்து ஊடுருவவில்லை, நுண்துளைகள் வழியே நட்சென் முறையில், அதாவது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடத் துளைச்சுவரிலேயே அதிகம் மோதியபடி, கசிகிறது; இலேசான மீத்தேன் முந்திக்கொள்கிறது. 40 பாகையிலேயே கொதிக்கும் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது தட்டு குளிர்ந்து, ஈரக்காற்றிலுள்ள நீர் அதன்மேல் துளித்துளியாகப் படிகிறது. துளி இருந்த இடமெல்லாம் பின்னர் துளையாகிறது. பாலிசல்ஃபோனை மட்டும் அதே அறையில் வார்த்துப் பாருங்கள். அதுவும் வெளுத்தால் கலவையின்மேல் பழியில்லை. சவ்வுக்குப் பதிலாக அலுமினியத் தாளை வைத்து, அளவுக் கருவியில் சவ்வின் ஓரத்தை அடைக்கும் ஓ-வளையம் கசிகிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள்.

கேட்டவர்:
தனிப் பாலிசல்ஃபோனும் வெளுத்தது! அலுமினியத் தாளில் கசிவில்லை. சிலிக்கா ஜெல் வைத்து, உலர் நைட்ரஜன் மெல்லச் செல்லும் பெட்டிக்குள் தட்டை வைத்து, ஆவியாவதைத் தாமதப்படுத்த மேலே கண்ணாடிப் புனலைக் கவிழ்த்து வார்த்தேன். மறுநாள் உரித்தபோது, அச்செழுத்தின்மேல் வைத்தால் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. தெரிவுத்திறன் இப்போது 28. ஐயா, உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

பதில் 2:
மகிழ்ச்சி. தனிப் பாலிசல்ஃபோனுக்கு ஏறக்குறைய 22, மேட்ரிமிட்டுக்கு 35 அளவில் வருவதால் 28 நம்பத்தக்கதே. ஆனால் எஞ்சிய கரைப்பான் பாலிமரை இளக்கிவிடும். வெற்றிட அடுப்பில் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்திய பிறகு மீண்டும் அளவெடுங்கள். கலவை வாயுவில், குறிப்பாக அழுத்தம் கூடும்போது, கார்பன் டைஆக்சைடு சவ்வை உப்பவைத்து மீத்தேனுக்கும் வழிவிடும் என்பதால், தனி வாயுவில் கண்ட எண்ணை மட்டும் வைத்து வடிவமைக்க வேண்டாம்.